வீட்டை விற்குமுன்

வீட்டை விற்க முனையும் அங்கத்தினர் முதலில் சுண்ணாம்புச் சட்டியைத் தேடுகின்றனர். பத்திரப் பெட்டியை முதலில் திறக்குமாறு நாம் வேண்டுவோம்.

தணிக்கைக்குச் சென்ற ஊரொன்றில் நாம் கண்டது இது. நெசவாள அன்பர் ஒருவர், மகளின் திருமணச் செலவுக்காக வீட்டை விற்க முன்பணம் பெற்றார். கடனுக்காக எழுதிக்கொடுத்த அடமானமோ, கடன் தீர்ந்த பின்னும் ரத்து செய்யப்படாமல் வில்லங்கச் சான்றில் நின்றது. வாங்க வந்தவர் பின்வாங்கினார். முகூர்த்தம் நெருங்கவே, வீடு வேறொருவருக்குக் குறைந்த விலைக்குப் போயிற்று. கடன் தீர்த்த ரசீது பரணிலேயே இருந்தது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதியாததே குறை.

ஆகவே மூலப்பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றை முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்திருப்பின் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னர் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், தறிக்குழியை மண்ணிட்டுக் கெட்டித்துத் தரையை மட்டமாக்குங்கள், இறுதியாக வெள்ளையடியுங்கள்.

பழுதை வெள்ளையால் மறைத்தல் ஆகாது. தாம் அறிந்த, வாங்குவோர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவித்தல் வேண்டும் என 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில் விதிக்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லையேல், விற்பனை நாள்வரையுள்ள வரிப் பாக்கியும் விற்பவர் பொறுப்பே.

ஐயமிருப்பின், முன்பணத்திற்குக் கை நீட்டுமுன் பத்திரங்களுடன் சங்கச் செயலாளரை அணுகுங்கள்.