வால் நட்சத்திரம் பிடித்த பியானோ கம்பெனி தொழிலாளி!

பகலில் பியானோ கம்பெனியில் வேலை. விடியற்காலை ஊரே குறட்டை விடும் நேரத்தில் வானத்தில் "ரோந்து". இப்படி அலைந்த ஒரு ஜப்பான் வாலிபர் 19 வயதிலேயே வால் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தார். அதோடு விட்டாரா? மொத்தம் ஏழு!

அவர் பெயர் கவோரு இகேயா. ஹமாமட்சு பக்கத்துக்காரர். வான சாஸ்திரப் பட்டமும் கிடையாது, கடை டெலஸ்கோப்பும் கிடையாது. கண்ணாடியைத் தானே தேய்த்து 8 அங்குல டெலஸ்கோப் ஒன்றைச் செய்தார். 1963 ஜனவரியில் முதல் வால் நட்சத்திரம் அதில் சிக்கியது.

முந்தினால்தான் பெயர்

முதலில் பார்த்துச் சொன்னவர் பெயரைத்தான் வால் நட்சத்திரத்துக்கு வைப்பார்கள். பிந்தினால் போச்சு! அவசரப்பட்டாலும் ஆபத்துதான். மங்கல் பொட்டு போலத் தெரியும் "போலி"கள் வானத்தில் ஏராளம். போலி இடம் மாறாது. அசல் நகரும். ஒன்றிரண்டு மணி நேரம் விடாமல் கவனித்தால், பக்கத்து நட்சத்திரத்தை விட்டு மெல்ல விலகும். ஆள் அகப்பட்டான்!

பட்டப்பகலில்...

1965 செப்டம்பர் மாதம் புயல் ஓய்ந்து வானம் கழுவி விட்டது போல இருந்தது. இகேயா கண்ணில் ஒன்று பட்டது. அதே விடியற்காலையில் கோச்சி நகரில் இன்னொருவரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் சுடோமு செகி. கித்தார் வாத்தியார்!

"இகேயா-செகி" சாதாரணப் பேர்வழி அல்ல. அக்டோபர் 21-ந்தேதி சூரியனை 4½ லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில் உரசிக்கொண்டு பாய்ந்தது. தலை துண்டு துண்டாக உடைந்தது. சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு நண்பகலிலேயே பலர் பார்த்தார்கள். (இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். கண் போய்விடும்.)

34 ஆண்டு காத்திருப்பு

1967-க்குள் ஐந்து பிடித்தாயிற்று. அப்புறம் 34 ஆண்டுகள் ஒன்றும் சிக்கவில்லை. மனுஷன் விடவில்லை.

2002 பிப்ரவரி 1-ந்தேதி மாலை ஆறாவது அகப்பட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து சீனாவில் சாங் என்பவரும் பார்த்தார். கணக்குப் போட்டதில், 1661-ல் ஹெவிலியஸ் என்ற வான ஆராய்ச்சியாளர் பார்த்த அதே வால் நட்சத்திரம் என்று தெரிந்தது. 341 ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருந்தது!

இன்று கம்ப்யூட்டர் டெலஸ்கோப்கள் ராத்திரி முழுக்க வானத்தைப் படம் பிடித்துச் சலிக்கின்றன. புதிதாக அகப்படும் வால் நட்சத்திரங்களில் பலவற்றுக்கு "அட்லஸ்", "பான்ஸ்டார்ஸ்" என்று இயந்திரத்தின் பெயர்தான். கண்ணால் தேடுகிறவர் பிழைப்பில் மண்.

அப்படியும் 2010 நவம்பரில், 67 வயதை நெருங்கிக்கொண்டிருந்த இகேயா, டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தே ஏழாவதைப் பிடித்தார். திடீரென்று பிரகாசமான அதைக் கம்ப்யூட்டர்கள் கோட்டை விட்டிருந்தன.

அதிலும் பங்குக்கு ஒருவர் வந்துவிட்டார். பெயர் முராகாமி. அவரும் ஜப்பான்காரர்தான். அவரும் கண்ணால்தான் பார்த்தார்!