புளிப்பு கடைசியில் சேரட்டும்

பயறு இருந்தும் சோகை

கொங்கு நாட்டுச் சமையலுக்குப் பயறு புதிதல்ல. மானாவாரிக் காட்டில் விளையும் கொள்ளைப் பருப்பாகக் கடைகிறோம், ரசம் வைக்கிறோம். தட்டைப்பயறும் மொச்சையும் குழம்பில் சேர்கின்றன. உலர்ந்த கொள்ளு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. இரும்பும் கணிசமாக உண்டு. அப்படியிருந்தும் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல. அவற்றில் சமையலறையிலேயே சரிசெய்யக்கூடியது ஒன்று உண்டு. பயறிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உண்டதில் சிறு பங்குதான் உடலில் சேர்கிறது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் அந்தப் பிடி தளரும். குழம்பில் புளி கொதிக்கிறதே என்றால், புளியில் வைட்டமின் சி மிகக் குறைவு. வெந்த பயறை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயம், கொத்தமல்லியோடு சாலட்டாகச் சாப்பிடச் சொல்வது இதனால்தான். மலைநெல்லியைத் துருவிச் சேர்த்தால் வைட்டமின் சி எலுமிச்சையைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

வெந்த பிறகே எலுமிச்சை

இதில் வரிசை முக்கியம். பயறை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பிறகு புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். கோவை வீடுகளில் குழாயில் வரும் சிறுவாணி அணைத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து வைப்பார்கள். பயறுக்குச் சிறுவாணியே நல்லது. போர் தண்ணீர் கடினநீராக இருந்தால், அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கி, வேகும் நேரத்தை நீட்டிவிடும். புளிப்பும் அதைத்தான் செய்கிறது. வேகும்போதே எலுமிச்சையையோ தக்காளியையோ சேர்த்தால் பயறு எளிதில் மசியாது, வைட்டமின் சியும் சூட்டில் அழியும். வெந்தபின் சேர்க்கும்போது அதே குணம் நமக்கு உதவுகிறது. பயறு குழையாமல் மணிமணியாக நிற்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாற்றையும் உப்பையும் கலந்தால் சுவை உள்ளே இறங்கும்.

பச்சையாக ஊறவைத்தால் போதாதா?

முளைகட்டிய பயறை வேகவைக்காமல் எலுமிச்சையில் ஊறவைத்தால் சத்து முழுதாகக் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. முளைகட்டுவது ஃபைட்டேட்டைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் முளைவிடத் தேவையான ஈரமும் கதகதப்பும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை. 2011இல் ஜெர்மனியில் பச்சை வெந்தய முளையோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எலுமிச்சைச் சாறு அத்தகைய கிருமிகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு முளையை ஆவியில் நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும். ராஜ்மாவில் ஆபத்து வேறு வகை. அதன் லெக்டின் நச்சை எந்தப் புளிப்பும் முறிக்காது. ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடு நச்சைக் கூட்டவே செய்யும்.

இன்னொரு கேள்வி நியாயமானது. வைட்டமின் சி உண்மையில் அவ்வளவு உதவுமா? ஒரே ஒரு வேளை உணவை வைத்து நடத்திய ஆய்வுகளில் தெரிந்த பெரிய பலன், பல நாள் முழு உணவை அளந்தபோது வெகுவாகக் குறைந்தது. ஆகவே மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தச் சாலட்டை நம்பக் கூடாது. செலவின்றிக் கிடைக்கும் கூடுதல் உதவி இது, அவ்வளவே. சாப்பிட்டதும் டீயோ காபியோ குடித்தால் அந்த உதவியும் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

டிபன் பாக்ஸில் மதியம் வரை

கோவையின் போத்தனூர் ரயில் சந்திப்பு ஊர். விடியற்காலையில் கட்டிய சாப்பாட்டை மதியம் திறப்பவர்கள் இங்கே நிறைய. எலுமிச்சை பிழிந்ததால் பயறு கெடாது என்று எண்ண வேண்டாம். சாலட்டில் இருக்கும் புளிப்பு ஊறுகாயின் புளிப்பளவுக்கு வராது. வெந்த பயறு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பேசில்லஸ் செரியஸ் போன்ற கிருமிகள் பெருகும். பேசில்லஸ் செரியஸ் விட்டுச்செல்லும் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெந்த பயறை முந்தின இரவே எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, ஐஸ் பேக்கோடு கொண்டுபோகலாம். அதற்கு வழியில்லாதவர்கள் பயறு சாலட்டை வீட்டில் இரவு உணவோடு வைத்துக்கொள்ளட்டும். சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதம், பொட்டாசியம் இரண்டிலும் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.