பழ ஈ சோதனை: 3:1 ஏன் வரவில்லை?

நீள் இறக்கை ஈயையும் குட்டை இறக்கை ஈயையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 3:1 வரும் என்று காத்திருக்கிறோம். 100 ஈக்களை எண்ணினால் 84:16. உடனே மாணவர்கள் அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று எழுதிடுவாங்க. அது எதையும் விளக்காது. எந்தத் தவறு, அது எண்ணிக்கையை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று சொல்லணும்.

1. கன்னி ஈ: பெண் ஈ விந்தைச் சேமித்து வைக்கும். 25 பாகையில், கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரிக்கணும். தவறினால், குட்டை இறக்கைத் தாயின் முதல் தலைமுறையிலேயே குட்டை இறக்கை தென்படலாம்.

2. பெற்றோர்: புதிய ஈக்கள் வெளிவருமுன் பெற்றோரை நீக்காவிட்டால், அவையும் கணக்கில் சேரும், நீள் இறக்கை கூடும்.

3. இறப்பு: குட்டை இறக்கை ஈ பறக்காது, ஈரமான உணவில் ஒட்டிச் சாகும். எண்ணிக்கை குறையும்.

4. இளம் ஈ: அப்போதுதான் வெளிவந்த ஈயின் இறக்கை விரிந்திருக்காது. குட்டை என்று எண்ணிவிடுவோம்.

5. வெப்பம்: 30 பாகையை எட்டும் அறையில் குட்டை இறக்கையும் நீண்டு வளரக்கூடும். நம் ஊரில் இதை மறக்காதீங்க.

84:16க்குக் கை-வர்க்க மதிப்பு 4.32, எல்லையான 3.84ஐத் தாண்டுகிறது. எனவே 2, 3, 5ஐச் சந்தேகிக்கலாம். 80:20 என்றால் 1.33தான், தற்செயல் வேறுபாடே போதும், தவறு தேட வேண்டாம்.

ஒன்று மட்டும்: 3:1க்காக எண்களை மாற்றாதீங்க. கிடைத்ததை எழுதிக் காரணம் சொல்வதே அறிவியல்.