கைக்குள் ஒரு கணினி – 17: ஒரு சிமிட்டலுக்கு எத்தனை பிரேம்?

ஒருவர் ஒருமுறை கண் சிமிட்ட 100 முதல் 400 மில்லிநொடி வரை ஆகும். ராஜபாளையத்துப் பஞ்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் செல்போனில் முகம் காட்டி லைஃப் சர்டிபிகேட் கொடுக்கிறார் என்றால், அந்தச் சிறு பொழுதைப் போன் தவறவிடாமல் பார்த்தாக வேண்டும். தவறவிட்டால், “தாத்தா, இன்னொரு தடவை சிமிட்டுங்க” என்று பேரன் மறுபடியும் சொல்ல வேண்டியதுதான்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் வாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்தும் ஷிப்டுக்குப் பஸ் ஏறினார்கள். இத்தகைய தொழிலாளர்களுக்கானது 1995-ல் வந்த இ.பி.எஃப். ஓய்வூதியத் திட்டம். 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதைத் தொடர்ந்து பெற, உயிரோடிருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும்.

2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு ஆயுள் சான்று முறை இதற்கு ரேகை வைக்கும் வசதியைத் தந்தது. ஆனால் வயதாலும் வேலையாலும் தேய்ந்த விரல்களைக் கருவி பல நேரம் ஏற்காது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டும் முறை அறிமுகமானது. 2022 ஜூலையில் இ.பி.எஃப். ஓய்வூதியர்களுக்கும் அது கிடைத்தது.

திரையில் ஒரு வட்டம் வரும். முகத்தை அதற்குள் வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். போட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாது. போட்டோ சிமிட்டாது அல்லவா? ஆதார் பதிவோடு முகத்தை ஒப்பிடுவது தொலைவிலுள்ள சர்வரின் வேலை. எதிரே இருப்பவர் உயிருள்ள ஆள்தானா என்று ஓடும் வீடியோவில் பார்ப்பது கையிலிருக்கும் போனின் வேலை.

இங்கேதான் வேகம் குறுக்கிடுகிறது. கேமரா நொடிக்கு 30 பிரேம் எடுத்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 33 மில்லிநொடி. அந்தக் கணக்கில் ஒரு சிமிட்டல் 3 முதல் 12 பிரேம் வரை பதிவாகும். மலிவுவிலைப் போன் திணறி, நொடிக்கு 5 பிரேமை மட்டுமே ஆராய்ந்தால் இடைவெளி 200 மில்லிநொடி ஆகிவிடுகிறது. வேகமான சிமிட்டல் ஒன்று அதற்குள் தொடங்கி முடிந்தே போகும். பெரியவர் சரியாகத்தான் செய்திருப்பார், போன் பார்த்திருக்காது.

வேகத்தைக் கூட்ட முதல் வழி, வேலையைக் குறைப்பது. 1280-க்கு 720 அளவுள்ள ஒரு பிரேமில் 9,21,600 புள்ளிகள் இருக்கின்றன. முழு வண்ணத்தில் புள்ளிக்கு 3 பைட் என்றால், 30 பிரேமுக்கு நொடிக்கு 8 கோடி பைட்டுக்கு மேல் புரள வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டு கேமரா பெரும்பாலும் வெளிச்சத்தைத் தனித் தளமாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்தே தருகிறது. இமை மூடியதா என்று பார்க்க வெளிச்சத் தளமே பெரும்பாலும் போதும். நிறமாக மாற்றும் வேலையை விட்டுவிட்டாலே போனுக்குப் பெரும்பாரம் இறங்கும். முகம் எங்கே என்று தேட இன்னும் சிறிய படம் போதும். கூகுள் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட பிளேஸ்ஃபேஸ், 128-க்கு 128 படத்தில்தான் தேடுகிறது. மேலே சொன்ன பிரேமில் அது 56-ல் ஒரு பங்கு. ஒருமுறை முகம் கிடைத்துவிட்டால், அடுத்த பிரேமில் முழுப் படத்தையும் துழாவாமல் அதே இடத்தைச் சுற்றிப் பார்த்தால் ஆயிற்று.

இந்தச் சிக்கனத்துக்கு முன்னோடிகள் உண்டு. பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001-ல், 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியில் நொடிக்கு 15 பிரேமில் முகம் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பஞ்சாலையில் புளோரூமிலேயே பெரிய தூசிதும்பை உதிர்த்துவிட்டு, மிச்சத்தைக் கார்டிங்கில் எடுப்பது போன்ற ஏற்பாடு அது. முகமாக இருக்கவே முடியாத பகுதிகளை முதல் கட்டத்தின் எளிய சோதனையே தள்ளிவிடும். கடினமான சோதனைகள் எஞ்சிய சில இடங்களுக்கு மட்டும்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம். ஒரு பிரேமை ஆராய 100 மில்லிநொடி ஆகிறது, ஆனால் புதிய பிரேம் 33 மில்லிநொடிக்கு ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினால், 3 நொடியில் வந்த 90-ல் 30 மட்டுமே முடிந்திருக்கும். மீதி 60-ஐ முடிக்க இன்னும் 6 நொடி. பெரியவர் எப்போதோ சிமிட்டிவிட்டார். திரையோ இன்னும் ‘சிமிட்டுங்கள்’ என்கிறது. அவர் பதறி மறுபடி சிமிட்டுகிறார், தலையை அசைக்கிறார், வட்டத்தை விட்டு முகம் விலகுகிறது. பழைய பிரேம்களைக் கைவிட்டுக் கடைசியாக வந்ததை மட்டும் எடுப்பதே சரி. ஆண்ட்ராய்டின் கேமராஎக்ஸ் நூலகத்தில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது.

இன்னொரு வழி, எண்களைச் சுருக்குவது. முகத்தை அறியும் கணித மாதிரியின் (மாடல்) 32 பிட் தசம எண்களை 8 பிட் முழு எண்களாக்கினால் நினைவகம் கால்பங்காகச் சுருங்கும். பெரும்பாலான போன்களில் இருக்கும் ஆர்ம் சிப்பின் நியான் வசதி அப்படிப்பட்ட 16 எண்களை ஒரே கட்டளையில் கையாளும். ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக நினைவகம் கேட்காமல், ஒருமுறை ஒதுக்கியதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் முக்கியம். இல்லையேல் பயன்படுத்தி முடித்த நினைவகக் குப்பையை அள்ளப் போன் நடுநடுவே நின்றுவிடும். சூடேறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் இருட்டறையில் பலன் குறையும். வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்குகிறது. 15-ல் ஒரு நொடி வாங்கினால், நொடிக்கு 15 பிரேமுக்கு மேல் வரவே வராது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி திண்ணையில் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இத்தகைய செயலிகளை விலையுயர்ந்த போனில், பளிச்சென்ற அலுவலக விளக்கில் சோதித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்புவது அநியாயம். சோதனை நடக்க வேண்டியது நான்கு வருடம் பழைய போனில், கண்புரை அறுவை செய்த, நடுங்கும் கையுள்ள மனிதர்களிடம். திரையை வாசிக்கச் சிரமப்படுபவருக்குத் தமிழில் குரலாகச் சொல்வதும் வேகத்தைக் கூட்டும் வேலைதான். எப்போது சிமிட்ட வேண்டும் என்று அவருக்கு உடனே புரியும்.

போன் கைகொடுக்காதவர்கள் ஓய்வூதியம் வரும் வங்கியிலோ பொதுச் சேவை மையத்திலோ சான்று கொடுக்கலாம். தபால்காரரே வீடு தேடி வந்து பதிவு செய்யும் வசதியும் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் உண்டு. இ.பி.எஃப். ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

(தொடரும்)