நடைதொலைவும் பாதுகாப்புத் தொலைவும்: எம். புதுப்பட்டியை முன்வைத்து

சீனாவின் 2018ஆம் ஆண்டுக் குடியிருப்புத் திட்டமிடல் தரநிலை, அண்மையை நடைநேரத்தால் அளக்கிறது. ஐந்து நிமிட வட்டம் 300 மீட்டர்; பத்து நிமிட வட்டம் 500 மீட்டர்; பதினைந்து நிமிட வட்டம் 800 முதல் 1000 மீட்டர். அன்றாடப் பொருள்களை விற்கும் சிறுகடை வீட்டுக்கு மிக அருகில் அமைகிறது. ஷாங்காய் மாநகரின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, சேவைகளோடு வேலைவாய்ப்பையும் பதினைந்து நிமிட நடைக்குள் கொண்டுவர முனைகிறது.

சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தைச் சேர்ந்த எம். புதுப்பட்டி போன்ற ஊர்களுக்கு இக்கருத்தின் முற்பாதி புதிதன்று. பெட்டிக்கடையும் மளிகைக்கடையும் எத்திட்டமும் இன்றியே தெருவுக்குள் அமைகின்றன; பட்டாசுத் தொழிலாளர் வேலைக்குச் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பொருள் வாங்க அவை உதவுகின்றன. பிற்பாதியோ இங்குப் பொருந்தாது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், வெடிபொருளின் வகைக்கும் அளவுக்கும் ஏற்ப ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே பாதுகாப்புத் தொலைவை வரையறுக்கின்றன.

இத்தொலைவின் தேவையை, 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து உணர்த்துகிறது. உயிரிழந்தோருள் ஆலைத் தொழிலாளர் மட்டுமன்றி, வெடியோசை கேட்டு ஓடிவந்த சுற்றுவட்டார மக்களும் அடங்குவர். உரிமமின்றி வீடுகளில் பட்டாசு செய்யும்போது அந்த இடர் தெருவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வீடு, கடை, பணியிடம் ஆகியவற்றின் நெருக்கம் அப்போது வசதியாக அமையாமல் ஆபத்தாகிறது.

எனவே, பட்டாசு வட்டாரத் திட்டமிடலுக்கு இரண்டு அளவைகள் தேவை: கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு நடைதொலைவு, ஆலைக்குப் பாதுகாப்புத் தொலைவு. இரண்டாவதன் இடைவெளியை நிரப்ப வேண்டியது பாதுகாப்பான போக்குவரத்தே.