5 அடி 3 அங்குல "வழிப்பறி" வீரர்! பனைமர உயர ஆட்டக்காரர்களிடம் பந்தைப் பறித்தார்

ஆள் உயரம் 5 அடி 3 அங்குலம்தான். ஆடியதோ ஏழடி ஆசாமிகள் நடுவில்! அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் இவரைவிடக் குள்ளமானவர் யாரும் ஆடியதில்லை.

பெயர் டைரோன் போக்ஸ். 1965-ல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். வளர்ந்தது ஏழைகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில். 5 வயதில் துப்பாக்கி ரவைகள் கை, காலில் பாய்ந்தன. பையன் பிழைத்தான். 12 வயதில் அப்பா கொள்ளை வழக்கில் 20 ஆண்டு தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போனார். இப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் பெரும்பாலும் போலீஸ் ஏட்டில்தான் இடம் பிடிப்பார்கள். இவன் பிடித்தது பந்தை!

அசந்தவன் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பான். அதனால் வழிப்பறிக்காரன் என்ற பொருள் வரும்படி "மக்சி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

டன்பார் உயர்நிலைப் பள்ளிக்கு ஆடியபோது வெளியூர்க் கூட்டம் இவனைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. 1981-82, 1982-83 இரண்டு பருவத்திலும் டன்பார் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை!

1987-ல் வாஷிங்டன் புல்லட்ஸ் அணி 12-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே கூட ஆடியவர் மனூட் போல். உயரம் 7 அடி 7 அங்குலம்! பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஜனங்களுக்கு வேடிக்கை. ஆனால் மறு வருஷமே கல்தா! புது அணிகளுக்காக ஒவ்வொரு அணியும் 8 பேரை மட்டும் தக்க வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த 8 பேரில் போக்ஸ் இல்லை.

புது அணியான சார்லட் ஹார்னெட்ஸ் அள்ளிக்கொண்டது. 1997 வரை அங்கேதான். பாயிண்ட் கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் கூடை போடுவது என்று முடிவு செய்கிற ஆள். குனிந்து பந்தெடுக்க நெட்டைகளுக்கு முதுகு வளைய வேண்டும். இவருக்குப் பந்து இடுப்பளவில் இருக்கும்! பறிகொடுத்தது குறைவு, பறித்தது அதிகம்.

கோல்டன் ஸ்டேட், டொரன்டோ அணிகளுக்கும் ஆடி 2001-ல் முடித்தார். மொத்தம் 889 ஆட்டங்கள். 6,726 முறை பந்தைக் கொடுத்து மற்றவர்களைக் கூடை போட வைத்திருக்கிறார்.

எகிறிப் பந்தைத் தடுத்ததும் உண்டு. 39 முறை! 1993-ல் அப்படிப் பந்தைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர், நியூயார்க் அணியின் பேட்ரிக் ஈவிங். அவர் உயரம் 7 அடி.