ஆதிச் சபையின் ஏடுகள் – 9: ஜீவ வழியும் மரண வழியும்

இடுக்கமான வாசலைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் அநேகமாக இருக்க மாட்டார். விசாலமான வழியில் குடியும் கூத்துமாக ஒரு பெருங்கூட்டம். இடுக்கமான வழியில் சிலுவை சுமந்தபடி ஒரு சிலர். இந்தப் படத்தோடு பல பிரசங்கங்கள் முடிந்துவிடும். மத்தேயு சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில் அது 13-ஆம் வசனம். அதற்கு நேர் முன்னால், 12-ஆம் வசனத்தில், மனிதர் நமக்கு எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ அதையே நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்கிறார் இயேசு. நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும் இதுதான் என்றும் சொல்கிறார். அடுத்த மூச்சில் வாசல் வந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துவிட்டால், அந்த வாசல் ஏன் இடுக்கமாக இருக்கிறது என்பதே விளங்காது.

ஆதிச் சபை அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்குச் சாட்சி, இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் டிடாக்கே. ‘பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை’ என்பது அதன் முழுப் பெயர். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. 367-இல் அலெக்சந்திரியாவின் பிஷப் அத்தனாசியுஸ் எழுதிய பஸ்கா நிருபத்தில் இதன் பெயர் வருகிறது. வேதாகம நூல்களின் வரிசையில் இதற்கு அவர் இடம் தரவில்லை. விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசிக்கத் தக்கது என்று குறிப்பிடுகிறார். அதன்பின் பெயர் மட்டும் மிஞ்சியது. 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில், எருசலேம் பிதாப்பிதா ஆசனத்துக்குச் சொந்தமான மடத்து நூலகத்தில், பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்க அறிஞரின் கையில் 1056-இல் பிரதியெடுக்கப்பட்ட ஒரு தோல் சுவடி சிக்கியது. அதற்குள் டிடாக்கே முழுசாக இருந்தது. 1883-இல் அவர் அதை அச்சிட்டார்.

பதினாறு சிறிய அதிகாரங்கள். வழிகள் இரண்டு, ஒன்று ஜீவன், மற்றது மரணம், இடையிலுள்ள வித்தியாசம் மிகப் பெரிது என்ற அறிவிப்போடுதான் நூலே தொடங்குகிறது. மோவாப் சமவெளியில் மோசே இஸ்ரவேலர் முன் ஜீவனையும் மரணத்தையும் வைத்த உபாகமம் 30-ஆம் அதிகாரத்தின் எதிரொலி இது. தேவனை நேசி, அயலானை நேசி, உனக்கு நடக்கக்கூடாது என்று நினைப்பதைப் பிறருக்குச் செய்யாதே. ஜீவ வழிக்கு இவ்வளவுதான் விளக்கம். மத்தேயுவில் வாசலுக்கு முன் நிற்கும் அதே கட்டளை இங்கே வழியின் முதல் அடியாகவே ஆகிவிடுகிறது.

இரு வழிப் பேச்சு இந்த ஏட்டில் மட்டும் இல்லை. 1947-இல் சவக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்த சமூக விதிச் சுருளும் ஒளியின் ஆவி, இருளின் ஆவி என்று இரண்டைப் பேசுகிறது. பர்னபாவின் பெயரால் வழங்கும் நிருபத்தில் இரு வழிகளுக்கும் தூதர்கள் காவல் நிற்கிறார்கள். டிடாக்கேயின் இரு வழிகளில் அந்த ஆவிகளும் இல்லை, தூதர்களும் இல்லை. எவர் எந்த வழிக்கென்று முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற பேச்சும் இல்லை. ஒரு மனிதனும் அவன் செய்கைகளும் மட்டுமே இருக்கின்றன. இந்த ஏட்டின்மேல் எனக்குள்ள மரியாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாம் அதிகாரம் தகப்பன் பிள்ளையிடம் பேசுவது போல, “என் பிள்ளையே” என்று அழைத்து அழைத்துச் சொல்கிறது. கோபம் கொலையில் கொண்டுபோய் விடும். பொய் திருட்டில் விடும். முறுமுறுப்பு தேவதூஷணத்தில் விடும். மரண வழிக்குப் போகிறவன் ஒரே நாளில் அங்கே போய் நிற்பதில்லை. வீட்டுத் திண்ணையில் முணுமுணுத்த நாளிலேயே புறப்பட்டுவிட்டான். வாங்கும்போது கையை நீட்டி, கொடுக்கும்போது மடக்கிக்கொள்ளாதே என்கிறது நாலாம் அதிகாரம். அடிமையிடம் கசப்போடு கட்டளையிடாதே என்றும் சொல்கிறது. ஆனால் அடிமை முறையையே அது கேள்வி கேட்கவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் உலுக்கியது ஐந்தாம் அதிகாரம், மரண வழியின் பட்டியல். கொலை, விபசாரம், சூனியம் என்று பழகிய வரிசையில் ஆரம்பித்து, போகப் போக அது மனிதர்களைக் காட்டத் தொடங்குகிறது: ஏழைக்கு இரங்காதவர்கள், தேவையோடு வந்தவனைத் திருப்பி அனுப்புகிறவர்கள், துன்பப்படுகிறவனை மேலும் நசுக்குகிறவர்கள், பணக்காரருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், ஏழைகளுக்கு அநியாயத் தீர்ப்பு எழுதுகிறவர்கள். இதை வாசித்த பிறகு, விசாலமான வழியில் மதுக்கடையை மட்டும் வரைந்து காட்டுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. நீதிமன்றமும் கல்லாப்பெட்டியும் அந்த வழியில்தான் இருக்கின்றன. கையை மடக்கிக்கொள்ளும் பக்திமானின் வீடும் அங்கேதான்.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசிவிட்டு, ஆறாம் அதிகாரத்தில் ஏடு சட்டென்று இளகுகிறது. கர்த்தரின் நுகம் முழுவதையும் சுமக்க முடிந்தவன் பூரணனாவான். முடியாதவன் தன்னால் இயன்றதைச் செய்யட்டும் என்கிறது. இடுக்கமான வழியைப் பற்றி அச்சுறுத்தும் பேச்சே நம் காதில் அதிகம் விழுந்திருக்கிறது. ஆனால் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களிடம், அவர்கள் தண்ணீரில் இறங்கும் முன்பே, ‘இயன்றதைச் செய்’ என்று சபை சொல்லியிருக்கிறது. வழியைத் தேர்ந்தவன் தடுக்கி விழுவான் என்று தெரிந்தே அவனை உள்ளே அழைத்திருக்கிறது.

இதே தாராளம் ஏழாம் அதிகாரத்திலும் தொடர்கிறது. ஓடும் நீர் இல்லையா, வேறு நீர் போதும். குளிர்ந்த நீர் இல்லையா, வெதுவெதுப்பான நீர். இரண்டுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் சரி. அந்த ஞானஸ்நான விதிகளையும், கூடவே வரும் புதன், வெள்ளி உபவாசத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)